விளிம்பில் எழுதப்படுபவை

1

சில வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் நான் ஒரு கோடு போட்டேன். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் செயலி ஒன்றில் அப்போது வேலை. கனமழை பெய்யும் பகுதிகளில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒவ்வொரு டெலிவரிக்கும் கூடுதல் பணம் தருவது என்று முடிவானது. எந்தப் பகுதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்பதைக் கணினிக்குச் சொல்ல வேண்டும். வரைபடத்தின்மேல் புள்ளிகளை வைத்து ஒரு பலகோணம் வரைந்தேன். தொடக்க நேரம், முடிவு நேரம், விதிவிலக்குகள். மொத்தம் நான்கே புலங்கள்.

மறுநாள் ஒரு புகார் வந்தது. எழுதியவர் நின்றிருந்த இடம் என் கோட்டுக்கு நாற்பது மீட்டர் வெளியே. "சார், இங்க தண்ணி முட்டி வரைக்கும் நிக்குது. நான் நிக்கிற இடத்துல மழை பெய்யலயா?" என்று கேட்டிருந்தார். நான் பதிவுகளைச் சரிபார்த்தேன். நிரல் சரியாகத்தான் இயங்கியிருந்தது. 'வடிவமைப்பின்படியே செயல்படுகிறது' என்று குறிப்பு எழுதிப் புகாரை மூடினேன்.

அந்த வாக்கியத்தில் பொய் எதுவும் கிடையாது. ஆனாலும் அது என்னை விடவில்லை.

பிறகு ஒருநாள், ஃபாக்லாந்து போரைப் பற்றி ஏதோ படித்துக்கொண்டிருந்தபோது பிரிட்டனின் தென் அட்லாண்டிக் பதக்கத்துக்கான தகுதி விதிகள் கண்ணில் பட்டன. தெற்கு அட்சரேகை 35 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையே, 1982 ஏப்ரல் 2 முதல் ஜூன் 14க்குள் ஒரே ஒரு நாள் இருந்திருந்தாலும் பதக்கம் உண்டு, அதன் நாடாவில் ரோஸெட் எனும் சின்னப் பூவும் உண்டு. அதற்கு வடக்கே, 7 பாகை வரை பரந்த கடலில் இருந்தவர்கள் என்றால் 30 நாள் இருந்திருக்க வேண்டும், பூ கிடையாது. ஒரு வடிவம், ஒரு தொடக்க நாள், ஒரு முடிவு நாள், சில விதிவிலக்குகள். அடேய், இது நான் எழுதிய அதே நான்கு புலங்கள்!

அதன் பிறகு இந்த வகை எழுத்துகளைத் தேடித் தேடிப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டது. பிரிட்டிஷ் ராணுவப் பதக்கங்களின் விதிகளும் வாசகங்களும் ஒரு பக்கம். பிரிட்டிஷ் அரசு தன் வானத்தின் ஒரு துண்டைத் தற்காலிகமாக மூடும்போது வெளியிடும் விதிமுறைகள் மறுபக்கம். இரண்டையும் யாரும் இலக்கியமாகப் படிப்பதில்லை, படிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் உரைநடையாகப் படிக்கலாம். ஒரு நாவலின் மொழியை எப்படிப் படிக்கிறோமோ அப்படி: எது சொல்லப்படுகிறது, எது சொல்லப்படவில்லை, இதை எழுதியவர் எந்த வாசகரை மனதில் வைத்திருக்கிறார் என்று. இந்தக் கட்டுரை அப்படியொரு வாசிப்புதான்.

2

முதலில் வானம்.

விமானிகளுக்கான அறிவிப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தைத் தமிழில் எழுதினால் 'நோட்டம்' என்றே வரும். பறப்பதற்கு முன் ஒரு நோட்டம் விட வேண்டிய செய்தி என்று பொருத்தமாகவே அமைந்துவிட்டது. அதன் அமைப்பு உலகம் முழுக்கப் பெரும்பாலும் ஒன்றுதான். இடம் ஒரு குறியீடு. தொடங்கும் நேரம் பத்து இலக்கம்: வருடம், மாதம், நாள், மணி, நிமிடம். முடியும் நேரம் இன்னொரு பத்து இலக்கம். அட்சரேகை, தீர்க்கரேகை, கடல் மைலில் ஆரம். கீழ் உயரம், மேல் உயரம். நடுவில் சில வரிகள், எல்லாம் பெரிய எழுத்துகளில், பாதிச் சொற்கள் சுருக்கங்களாக.

இந்த அறிவிப்பு செய்தியைத்தான் கொண்டுபோகிறது. அதற்குச் சட்டபலம் தரும் தனி விதிமுறை ஒன்று உண்டு. இன்று அதற்கான அதிகாரம் 2016ஆம் ஆண்டின் வான்வழிப் போக்குவரத்து ஆணையின் 239ஆம் பிரிவில் இருக்கிறது. எந்தக் காரணங்களுக்காக வானத்தை மூடலாம் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. பெருங்கூட்டம் கூடுவது அல்லது நகர்வது. விமானப் பந்தயமோ சாகசக் காட்சியோ நடப்பது. தேசப் பாதுகாப்பு அல்லது பொதுநலனைப் பாதிக்கும் வேறு எந்தக் காரணமும். திருவிழா, சர்க்கஸ், போர். அப்புறம் மீதி எல்லாம். மனித வாழ்க்கையை இதைவிடச் சுருக்கமாக வகைப்படுத்திய இலக்கணம் வேறு உண்டா என்று தெரியவில்லை.

விதிமுறையின் தலைப்பில் ஊர்ப்பெயர் அடைப்புக்குறிக்குள் நிற்கும். அவசரமாகப் போட்டது என்றால் 'அவசரநிலை' என்று இன்னொரு அடைப்புக்குறி. உள்ளே வட்டம், உயரம், நேரம். காவல்துறை, மீட்புப்பணி போன்ற விதிவிலக்குகள். கடைசியில் ஒரு விளக்கக் குறிப்பு. அந்தக் குறிப்பின் தலையிலேயே, இது விதிமுறையின் பகுதி அல்ல என்று எழுதியிருக்கும். பிரிட்டனின் சட்டபூர்வ ஆணைகள் எல்லாவற்றிலும் இதுவே வழக்கம். காரணம் என்று ஏதாவது சொல்லப்பட்டால் அது அங்கேதான் இருக்கும், அந்த இடம் 'பகுதி அல்ல'. இதை முதலில் பார்த்தபோது சிரித்தேன். நாங்களும் நிரலில் காரணத்தைக் கமெண்ட்டில்தான் எழுதுவோம். இயந்திரம் அதைப் படிக்காது.

2015 ஆகஸ்ட் 22 அன்று ஷோரம் விமானக் கண்காட்சியில் ஒரு பழைய ஹாக்கர் ஹண்டர் போர்விமானம் வளையமடித்துக் கீழே வரும்போது ஏ27 நெடுஞ்சாலையில் விழுந்தது. சாலையிலும் அதன் ஓரத்திலும் இருந்த 11 பேர் இறந்தார்கள். அதன்பின் அந்த இடத்தின்மேல் பறப்பது தடைசெய்யப்பட்டது. சாகசத்துக்கு வழிவிடவும் அதே வகை எழுத்து, சடலங்களைத் தேடுகிறவர்களுக்கு இடையூறு வராமலிருக்கவும் அதே வகை எழுத்து. வட்டத்தின் அளவும் உயரமும் மாறலாம், வாக்கிய அமைப்பு மாறாது.

2022 செப்டம்பர் 19, ராணி எலிசபெத்தின் இறுதிச் சடங்கு. இரண்டு நிமிட மௌனத்துக்காக ஹீத்ரோ விமான நிலையத்தில் காலை 11.40 முதல் 12.10 வரை விமானங்கள் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மௌனத்துக்கும் ஒரு தொடக்க நேரம், ஒரு முடிவு நேரம். அன்று அந்த வகை எழுத்து தன் உச்சத்தைத் தொட்டது என்று நினைக்கிறேன். ஒரு நகரத்தின் வானத்தை வெறும் நேரக் குறிப்பால் ஊமையாக்கிவிட்டது. எந்த இரங்கற்பாவாலும் அது முடியாது.

3

இனி பதக்கம்.

பதக்கம் சேகரிப்பவர்கள் கையில் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். முகப்பிலுள்ள அரசரையும் பின்பக்கத்துச் சிங்கத்தையும் அவர்கள் கண்டுகொள்ளவே மாட்டார்கள். முதலில் விளிம்பைத்தான் திருப்பிப் பார்ப்பார்கள். வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் அங்கேதான் பொறிக்கப்பட்டிருக்கும். லட்சக்கணக்கில் ஒரே அச்சில் வார்த்த உலோகத்தில், ஒரு மனிதனுக்கு மட்டும் உரியது அந்த மெல்லிய விளிம்பு. நம் விமர்சனத்தில் 'விளிம்பு' என்ற சொல்லைத் தேய்ந்துபோகிற அளவுக்குப் பயன்படுத்திவிட்டோம். இங்கே அது உருவகமே கிடையாது, சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு பரப்பு.

அந்த விளிம்பு வாக்கியத்தில் வினைச்சொல் இல்லை. என்ன செய்தான் என்று அது சொல்லாது. நாடாவில் மாட்டும் கிளாஸ்ப் எனும் பட்டையும் ஓர் ஊர்ப்பெயரையோ ஒரு தேதியையோ சொல்லிவிட்டு நின்றுவிடும். எழுவாய் உண்டு, இடம் உண்டு, காலம் உண்டு, பயனிலை மட்டும் இல்லை.

உலோகம் பேசும். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் கொல்லப்பட்டதற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு பதக்கம் வெளியிட்டது. சென்னை ராணுவத்தின் சிப்பாய்களும் அந்தப் போரில் இருந்தவர்கள். அதே வடிவம், ஐந்து உலோகங்கள்: உயர் தளபதிகளுக்குத் தங்கம், அடுத்தவர்களுக்குத் தங்கமுலாம் பூசிய வெள்ளி, கீழ்நிலை அதிகாரிகளுக்கு வெள்ளி, அவர்களுக்கும் கீழே வெண்கலம், சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம் சார்ந்த மலிவான உலோகம். படத்தில் பிரிட்டிஷ் சிங்கம் ஒரு புலியை வீழ்த்துகிறது. சிங்கத்தின் தலைக்குமேல் பறக்கும் கொடியில் அரபு எழுத்து: 'வெல்லும் இறைவனின் சிங்கம்' என்று பொருள். திப்புவின் ஆயுதங்களில் புலிமுக வடிவில் எழுதப்பட்டிருந்த அதே சொற்றொடர். தோற்றவனின் மந்திரத்தை எடுத்து வென்றவனின் கொடியில் எழுதியிருக்கிறார்கள். பின்நவீனத்துவக்காரர்கள் இதற்கு என்னென்ன பெயர் வைப்பார்களோ! கம்பெனிக்காரனுக்கு அது இயல்பாகவே வந்திருக்கிறது.

இதற்கு நேர் எதிர்த் திசையில் ஒரு நகர்வு 1815 வாட்டர்லூ போருக்குப் பின் நடந்தது. தளபதி முதல் கடைசிச் சிப்பாய் வரை ஒரே வெள்ளிப் பதக்கம், ஒவ்வொருவர் பெயரும் விளிம்பில், இறந்தவர்களுடையது குடும்பத்துக்கு. ஆனால் அதற்கு முந்தைய ஸ்பெயின், போர்ச்சுகல் போர்களில் வருடக்கணக்காக இருந்த சாதாரணச் சிப்பாய்களுக்கு ஒன்றும் இல்லை. அவர்களுக்கான பதக்கம் 1847இல்தான் அனுமதிக்கப்பட்டது. உயிரோடு இருப்பவர் தானே விண்ணப்பிக்க வேண்டும். 1793இலேயே தொடங்கிய காலகட்டத்துக்கான பதக்கம் அது. இந்த விதியை எழுதியவர் இறந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. 'விண்ணப்பிக்க வேண்டும்' என்ற ஒரே நிபந்தனையில் அவர்கள் எல்லோரும் வெளியே போய்விட்டார்கள்.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் ஏறத்தாழ 65 லட்சம் வெள்ளியில் கொடுக்கப்பட்டது. சுமார் 1,10,000 வெண்கலத்தில். வெண்கலம் யாருக்கு? சீன, மால்டா, இந்தியத் தொழிலாளர் படைகளில் இருந்தவர்களுக்கு. அதற்கு முன்பும் 1903-04 திபெத் படையெடுப்புப் பதக்கம் போன்றவற்றில், கூடவே போன சுமைதூக்கிகளுக்கும் ஏவலர்களுக்கும் வெண்கலம்தான். சொற்கள் ஒன்று, அச்சு ஒன்று, போர் ஒன்று. எந்த இடத்திலும் 'நீ குறைந்தவன்' என்று எழுதியிருக்காது. நிறத்தைப் பார்த்தாலே போதும், படிக்கத் தெரியாதவனுக்கும் புரிந்துவிடும்.

ஆனால் அதே அரசு, அதே போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு ஒரு வெண்கலத் தகட்டை அனுப்பியது. சுமார் பதின்மூன்றரை லட்சம் தகடுகள். மக்கள் அதைச் 'செத்தவன் காசு' என்று அழைத்தார்கள். அதில் பெயர் மட்டும்தான், பதவி கிடையாது. எல்லோருடைய இழப்பும் சமம் என்பதற்காக வேண்டுமென்றே விட்டார்கள். சொல்லாமல் விடுவது அவமானப்படுத்தவும் உதவும், மரியாதை செய்யவும் உதவும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. அதனால்தான் வெட்டிச் சுருக்கிய மொழி என்றாலே கொடுமையான மொழி என்று ஒரேயடியாக என்னால் சொல்ல முடியவில்லை.

4

இடத்தைப் பற்றிக் கவலையே இல்லாத பதக்கம் ஒன்று உண்டு. ராணுவத்தின் நீண்டகாலச் சேவை மற்றும் நன்னடத்தைப் பதக்கம். 1830இல் நான்காம் வில்லியம் மன்னர் தொடங்கியது. அன்று காலாட்படையில் 21 வருடம், குதிரைப்படையில் 24 வருடம் வேண்டும். பிறகு 18 ஆனது, இன்று 15. நிபந்தனை எளிது: குறை சொல்ல முடியாத நடத்தை.

அதாவது ஒன்றும் நடக்காமல் இருந்ததற்கான பதக்கம். எந்தப் போரும் தேவையில்லை, எந்த ஊரும் தேவையில்லை. தினமும் எழுந்து, பூட்ஸ் துடைத்து, வரிசையில் நின்று, மாட்டிக்கொள்ளாமல் பதினைந்து வருடம். சிப்பாய்களே இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: 'பதினைந்து வருடம் கண்டுபிடிக்கப்படாத குற்றங்களுக்கான பதக்கம்'. இந்தப் பதக்கத்தைப் பற்றி எழுதப்பட்ட விமர்சனங்களில் இதுவே சிறந்தது என்பேன். அரசு வாசகத்தின் ஓட்டையை அது சரியாகத் தொடுகிறது. ஆவணத்தில் குற்றம் இல்லை என்பதும் குற்றமே இல்லை என்பதும் வேறு வேறு. கண்காணிப்புத் திரையில் எல்லாம் பச்சையாக இருக்கும்போதே பின்னால் ஒரு சர்வர் செத்துக்கொண்டிருப்பதைப் பார்த்த எவருக்கும் இது புரியும்.

சிரிப்புக்கு அடியில் இன்னொன்றும் இருக்கிறது. இந்தப் பதக்கம் நெடுங்காலம் அதிகாரிகளுக்குக் கிடையாது. 1947க்குப் பிறகு, கீழிருந்து உயர்ந்து வந்த அதிகாரிகளுக்கு மட்டும் ஒரு வழி திறந்தது. எல்லா அதிகாரிகளுக்கும் என்று விதி மாறியது 2016இல்தான். ஏன்? அதிகாரியின் நன்னடத்தை பிறப்பிலேயே வந்தது, அதை யாரும் எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை என்பதே உள்ளே ஓடும் அனுமானம். சிப்பாயின் நன்னடத்தை என்பது வருடம் வருடமாக எண்ணி, சரிபார்த்து, முத்திரை குத்த வேண்டிய ஒன்று. ஆக, இந்தப் பதக்கம் கிடைக்காமல் இருந்ததுதான் உண்மையான கௌரவம். 186 வருடம் நீடித்த இந்த ஏற்பாட்டை விளக்க ஒரு வாக்கியம்கூடத் தேவைப்படவில்லை. யார் தகுதியானவர் என்ற புலத்தில் ஒரு சொல்லை விட்டால் போதும்.

கவிஞர் சீக்ஃப்ரைட் சசூன் 1917இல் போரை எதிர்த்து அறிக்கை விட்ட நாட்களில், தன் மிலிட்டரி கிராஸ் பதக்கத்தின் நாடாவை மெர்ஸி ஆற்றின் முகத்துவாரத்தில் வீசியெறிந்தார். பதக்கத்தையே எறிந்துவிட்டார் என்றுதான் பலரும் கதை சொல்வார்கள். அப்படி இல்லை. அது வீட்டிலேயே இருந்தது. 2007இல் ஸ்காட்லாந்தின் மல் தீவில் ஒரு பரணிலிருந்து கிடைத்தது. பதக்கத்தை எறிந்தவன் என்ற பிம்பம் நமக்குத் தேவையாக இருக்கிறது. ஆனால் கனமில்லாத துணியை எறிந்துவிட்டு உலோகத்தை வைத்துக்கொண்ட சசூன்தான் எனக்கு நெருக்கமாகத் தெரிகிறார். அரசின் வாசகத்தை எதிர்ப்பவனாலும் அதை முழுசாகக் கைவிட முடிவதில்லை. அதில் எழுதியிருப்பது அவன் பெயர்.

5

இப்போது இரண்டு கோடுகளையும் ஒரே கடலில் வைத்துப் பார்க்கலாம்.

1982 ஏப்ரல் 12 அன்று பிரிட்டன் ஃபாக்லாந்து தீவுகளைச் சுற்றி 200 கடல் மைல் ஆரத்தில் ஒரு விலக்கு வளையத்தை நடைமுறைப்படுத்தியது. அது அர்ஜென்டினாவின் போர்க்கப்பல்களுக்கானது. ஏப்ரல் 30 அன்று அதே வட்டம் முழு விலக்கு வளையமானது. இப்போது கப்பல் மட்டுமல்ல, விமானமும். ராணுவம் மட்டுமல்ல, பொதுமக்களுடையதும். அனுமதியில்லாமல் உள்ளே இருந்தால் தாக்கப்படலாம். ஒரு மையப் புள்ளி, ஓர் ஆரம், ஒரு தொடக்க நேரம். வடிவத்தில் இது ஊர்த் திருவிழாவுக்காக வானத்தை மூடும் அறிவிப்பின் அண்ணன்தான்.

மே 2 அன்று கான்கரர் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல், ஜெனரல் பெல்கிரானோ என்ற அர்ஜென்டினக் கப்பலை மூழ்கடித்தது. 323 பேர் இறந்தார்கள். அந்த இடம் வட்டத்துக்கு வெளியே, தென்மேற்கில்.

இதைப் பற்றிய வாதங்கள் இன்றுவரை ஓயவில்லை. வளையத்துக்கு வெளியே இருந்தாலும் அச்சுறுத்தலாகத் தெரிந்தால் தாக்குவோம் என்று ஏப்ரல் 23 அன்றே பிரிட்டன் அர்ஜென்டினாவுக்குச் செய்தி அனுப்பியிருந்தது. பெல்கிரானோவின் தலைவர் ஹெக்டர் போன்ஸோவே பிற்பாடு அதைப் போர்க்குற்றம் என்று கருதவில்லை எனச் சொன்னார். சட்டப்படி எது சரி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. நான் வாசகன். ஒரு வாசகனாக என் கண்ணில் பட்டது இது:

பெல்கிரானோ மூழ்கிய இடம் தெற்கு அட்சரேகை 55 பாகையைத் தாண்டி இருக்கிறது. பதக்க விதியின் 35 முதல் 60 வரையிலான பட்டைக்குள் அது வருகிறது. அந்த நாளில் அந்தத் தண்ணீரில் இருந்த பிரிட்டிஷ் மாலுமிக்கு ஒரே நாளில் பதக்கமும் பூவும் உறுதி. ஏனென்றால் அரசின் பார்வையில் அது போர்க்களம். அதே தண்ணீரில் இருந்த அர்ஜென்டின மாலுமி, அதே அரசு அறிவித்த அபாய வட்டத்துக்கு வெளியே இருந்தான்.

இரண்டு வாசகங்களையும் தனித்தனியே படித்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அடுத்தடுத்து வைத்தால்தான் இடைவெளி தெரிகிறது. எச்சரிக்கும்போது சின்னதாக இருந்த போர்க்களம், கௌரவிக்கும்போது பெரிதாகிவிட்டது. எச்சரிக்கை என்பது எதிரிக்கு எழுதிய கடிதம், பதக்க விதி சொந்த மக்களுக்கு எழுதியது. வாசகர் மாறும்போது வரைபடமும் மாறுகிறது.

அந்தப் போரில் இறந்த 255 பிரிட்டிஷ் தரப்பினரில் ஹாங்காங்கைச் சேர்ந்த சீனர்களும் உண்டு. கப்பல்களில் துணி வெளுத்தவர்களும் மாலுமிகளும். நினைவுச் சின்னங்களில் அவர்கள் பெயரும் இருக்கிறது. 1919இன் வெண்கலத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று சொல்லலாம். போர்க்கப்பலில் 1982இலும் துணி வெளுத்தது சீனர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

6

ஃபாக்லாந்தில் வட்டத்துக்கு வெளியே இருந்தவர்கள் இறந்தார்கள். 1957இல் நடந்தது அதன் தலைகீழ்.

அந்த வருடம் பிரிட்டன் பசிபிக் பெருங்கடலில் மால்டன் தீவருகிலும், பிறகு கிறிஸ்துமஸ் தீவருகிலும் தன் ஹைட்ரஜன் குண்டுகளைச் சோதித்தது. கப்பல்களும் விமானங்களும் நுழையக்கூடாது என்று கடலின் பெரும்பரப்பு தற்காலிக அபாயப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஜப்பான் எதிர்ப்புத் தெரிவித்தது. உலகத்துக்கே 'உள்ளே வராதே' என்று சொன்ன அந்தப் பரப்பின் உள்ளே பிரிட்டனின் இளைஞர்கள் இருந்தார்கள், நியூசிலாந்தின் மாலுமிகள் இருந்தார்கள், ஃபிஜியிலிருந்து வந்த சுமார் 300 பேர் இருந்தார்கள். வெடிக்கும் திசைக்கு முதுகைக் காட்டி, கண்களைப் பொத்திக்கொள்ளச் சொன்னார்கள். பொத்திய கைகளின் எலும்புகளைப் பார்த்ததாகப் பலர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள்.

1952 முதல் 1967 வரையிலான சோதனைத் திட்டத்தில் சுமார் 22,000 பேர் பங்கெடுத்தார்கள். அவர்கள் பதக்கம் கேட்டபோது பழைய அளவுகோல் குறுக்கே நின்றது. பிரிட்டனில் போர்ப் பதக்கத்துக்கான அளவுகோல் 'அபாயமும் கடுமையும்' என்ற இரட்டைச் சொல். எதிரி யாரும் சுடவில்லையே, பிறகு என்ன அபாயம்? அபாயப் பகுதி என்று வரைபடத்தில் எழுதிய அரசுக்கு அந்தச் சொல்லைப் பதக்க விதியில் எழுத 65 வருடம் ஆனது. அணுச் சோதனைப் பதக்கம் 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. இந்த முறை இறந்தவர்களுக்காகக் குடும்பத்தினரும் விண்ணப்பிக்கலாம். 1847இன் விதியோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றம்தான், மறுக்கவில்லை.

விதி சிப்பாய்களையும் விஞ்ஞானிகளையும் உள்ளூர்ப் பணியாளர்களையும் சேர்க்கிறது. பணியாளர் என்பது ஒரு புலம். அங்கே வேலை பார்க்காமல் சும்மா வாழ்ந்துகொண்டிருந்தவர்களுக்கு அதில் இடமில்லை. ஆஸ்திரேலியாவின் மாரலிங்காவில் பிரிட்டன் 1956-57இல் குண்டுகளை வெடித்தபோது, அந்த நிலம் பழங்குடி மக்களின் நடைபாதைகள் ஓடும் நிலமாக இருந்தது. எச்சரிக்கைப் பலகைகள் வைத்தார்கள், ஆங்கிலத்தில். படிக்கத் தெரியாதவர்கள் கடந்துபோனார்கள். 1957இல் ஒரு குடும்பத்தை வெடிப்புப் பள்ளம் ஒன்றின் அருகே கண்டுபிடித்தார்கள். அவர்கள் அங்கே இரவு தங்கியிருந்தார்கள்.

இதைப் படித்த அன்று, அதுவரை இந்த உரைநடையின்மேல் எனக்கிருந்த கைவினைஞனின் ரசனை கொஞ்சம் ஆட்டம் கண்டது. அபாய அறிவிப்பு என்பது உலகத்திலேயே மிகத் துல்லியமான எழுத்து, அதில் ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது என்றெல்லாம் நண்பர்களிடம் பேசியிருக்கிறேன். அந்தத் துல்லியம் ஒரு வாசகரை நம்பி நிற்கிறது: எழுதப் படிக்கத் தெரிந்தவர், அந்த மொழி தெரிந்தவர், வரைபடம் கையில் இருப்பவர். அவரைத் தவிர மற்றவர்களுக்கு அது வெறும் பலகை. நடந்துவந்த குடும்பம் பிழை செய்யவில்லை, எழுத்தும் பிழை செய்யவில்லை. 'வடிவமைப்பின்படியே செயல்படுகிறது.'

கடைசியாக ஒன்று. 2018இல் பிரிட்டன், ஐஎஸ் அமைப்புக்கு எதிரான போருக்கான பதக்கத்தை அறிவித்தபோது, ரீப்பர் ட்ரோன்களை இயக்குபவர்களும் தகுதியானவர்கள் என்றது. அவர்களில் ஒரு பகுதியினர் உட்கார்ந்திருந்தது இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில், வாடிங்டன் தளத்தில். ஷிஃப்ட் முடிந்தால் வீட்டுக்குப் போகலாம். இதில் என்ன அபாயம் என்று பழைய வீரர்கள் சிலருக்குக் கசப்பு. அமெரிக்காவில் 2013இல் இதே மாதிரி ஒரு பதக்கத்தை அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் இரண்டே மாதத்தில் திரும்பப் பெற்றார்கள்.

எனக்கு அந்த முடிவு சரியா தவறா என்பதைவிட அதன் இலக்கணம் முக்கியமாகப் படுகிறது. 'நீ எங்கே இருந்தாய்?' என்பதுதான் இருநூறு வருடமாகப் போர்ப் பதக்கத்தின் முதல் கேள்வி. இப்போது முதல்முறையாக 'நீ என்ன செய்தாய்?' என்று கேட்க வேண்டிவந்திருக்கிறது. விடுபட்ட வினைச்சொல் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறது. திரையில் ஒரு வீட்டை நாள்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்து பிறகு பொத்தானை அழுத்தியவரின் விளிம்பில் என்ன எழுதுவது? வழக்கம்போல எண், பதவி, பெயர்தான் எழுதுவார்கள். ஆனால் அந்த மௌனம் இனி இயல்பாக ஒலிக்காது.

7

இந்த வகை எழுத்தைக் கிண்டல் செய்வது எளிது. அதிகார மொழி, உயிரற்ற மொழி என்று இரண்டு வார்த்தை போட்டுவிட்டு அடுத்த கவிதைக்குப் போய்விடலாம். அப்படிப் போகிறவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். உலகத்தில் பெரும்பாலான மனிதர்களைப் பற்றி எழுதப்படும் ஒரே வரி இந்த மொழியில்தான் எழுதப்படுகிறது. 1,10,000 வெண்கலப் பதக்கங்களுக்கு உரியவர்களைப் பற்றி நாவல் எத்தனை வந்திருக்கிறது? அவர்களில் பலருக்கு உலோகத்தில் விழுந்த எழுத்து அந்த விளிம்பில் உள்ளது மட்டும்தான்.

ஆகவே படிக்க வேண்டும். படிக்கும் முறை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பதக்கம் சேகரிப்பவர் செய்வதுதான்: முகப்பை விட்டுவிட்டு விளிம்பைத் திருப்பு. ஒரு விதி யாரைச் சேர்க்கிறது என்று பார்த்த கையோடு அதன் கோட்டுக்கு அந்தப் பக்கம், நாற்பது மீட்டரில், யார் நிற்கிறார் என்று பார். அதே கை எழுதிய இன்னொரு விதியைத் தேடியெடுத்துப் பக்கத்தில் வை.

அந்த மழைக்காலப் புகாரை நான் மீண்டும் திறக்கவில்லை. திறக்கவும் முடியாது, அந்த வேலையை விட்டு வந்து நாளாகிறது. அந்தப் பலகோணத்தை வரைந்தபோது எல்லைப் புள்ளிகளை ஏன் அந்தந்த இடத்தில் வைத்தேன் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். ஓரிடத்தில் ஒரு சாலை இருந்தது, கோடு நேராக வந்தது, பார்க்க அழகாக இருந்தது. காரணம் அவ்வளவுதான். அதைக் கமெண்ட்டில்கூட நான் எழுதி வைக்கவில்லை.